குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கஞ்சிக் கடை

எச்ஐவிக்கு டோலுடெக்ராவிர் சேர்ந்த கூட்டு மாத்திரை ஆரம்பித்த புதிதில் எனக்குக் காலையில் குமட்டல், மதியம் வயிற்றுப்போக்கு. அப்போது வயிறு ஏற்றுக்கொண்ட ஒரே வெளிச்சாப்பாடு இந்தக் கடையின் அரிசிக் கஞ்சிதான். குழைய வேகவைத்து, சீரகமும் உப்பும் மட்டும் போட்டு, ஆவி பறக்கத் தருவார்கள். குன்னூர்க் குளிருக்கு அந்தச் சூடே போதும். இஞ்சித் துவையல் காரம்; வேண்டாம் என்றால் கடைக்கார அக்கா மோர் வைத்துவிடுவார். ஏன், என்ன உடம்புக்கு என்று துருவ மாட்டார். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

வடை எண்ணெய் குடித்திருக்கும், தொடாதீர்கள். வர்க்கி நன்றாகவே இருக்கும், ஆனால் கொழுப்பு அதிகம். வயிறு சரியான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நெஞ்செரிச்சல் என்றால் பக்கத்து டேபிள்காரர் ஆன்டாசிட் நீட்டுவார். உடனே வாயில் போடாதீர்கள். அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாது. நம் மாத்திரையை ஆன்டாசிட்டுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். போக்கு நிற்காவிட்டால் ஓஆர்எஸ் குடித்துக்கொண்டே ஏஆர்டி மையத்துக்கு, அதாவது எச்ஐவி சிகிச்சை மையத்துக்குப் போங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், கஞ்சி காலையில் மட்டும்தான். சில்லறை கொண்டுபோங்கள்.