இரண்டு லிட்டர் உப்புத் தண்ணீர்: என் கொலோனோஸ்கோபி அனுபவம்

மலத்தில் ரத்தம் தெரிந்தும் "மூலமாத்தான் இருக்கும்" என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். தண்டையார்பேட்டையில் நான் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஒரு வார்த்தை கூடப் பேசாமல் கொலோனோஸ்கோபிக்கு, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு, எழுதிக் கொடுத்துவிட்டார். போனது ராயபுரம் பக்கம் ஒரு தனியார் சென்டர். குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

முதலில், குடலைச் சுத்தம் செய்யத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் அந்தப் பவுடர். பாக்கெட்டில் எலுமிச்சை வாசனை என்று போட்டிருக்கிறது. காசிமேட்டில் அலை வந்து வாயில் அடித்த மாதிரிதான் எனக்கு இருந்தது. முதல் மூன்று டம்ளர் வீராப்பில் உள்ளே போய்விட்டது. நான்காவதை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஃபிரிட்ஜில் வைத்து, ஸ்ட்ரா போட்டு, நாக்கின் பின்பக்கமாக இறக்கினால் கொஞ்சம் தேவலை. மருமகள், "அத்தை, ரோஸ்மில்க் எசன்ஸ் ரெண்டு சொட்டு விடட்டுமா?" என்றாள். கூடவே கூடாது, சிவப்பு நிறம் கேமராவில் ரத்தம் மாதிரித் தெரியும்.

ஏன் இவ்வளவு உப்பு என்று சென்டரில் கேட்டதற்கு, "அப்படித்தான்மா இருக்கும், குடிச்சிடுங்க" என்றார் அங்கிருந்த நர்ஸ். 32 வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவளுக்கு இந்தப் பதில் போதுமா? பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். பவுடரில் முக்கியமாக இருக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் உடம்பில் சேராது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அப்படியே வெளியே வந்துவிடும். சோடியமும் பொட்டாசியமும் அதோடு சேர்ந்து உடம்பை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்குத்தான் அந்த உப்பெல்லாம். அவை தாறுமாறானால் இதயத் துடிப்பே தடுமாறும். இது தெரிந்த பிறகு ஐந்தாவது டம்ளர் மேல் அவ்வளவு கோபம் வரவில்லை.

சென்டர் மேல்தான் கோபம். மொத்தத்தையும் முதல்நாள் சாயங்காலமே குடிக்கச் சொல்லி சீட்டு கொடுத்தார்கள். பாதி ராத்திரி, பாதி விடியற்காலை என்று பிரித்துக் குடித்தால் குடல் இன்னும் நன்றாகச் சுத்தமாகும் என்று அங்கே பரிசோதனை செய்த டாக்டரே பிறகு சொன்னார். அப்போ சீட்டை மாற்றலாமே! விதையுள்ள காய், பழம் ஆகாது என்பதும் அதில் இல்லை. முந்தின நாள் மத்தியானம் நான் சாப்பிட்ட தக்காளியின் விதை இரண்டு திரையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், காத்திருந்த ஆறு பேருக்கு ஒரே கழிப்பறை. அங்கே வருகிறவர்கள் எந்த நிலைமையில் வருவார்கள் என்று கட்டினவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். கை பதமானது, பேச்சும் பதமானது. பெருங்குடலின் இடதுபக்கத்தில் பச்சைப் பட்டாணி அளவு பாலிப் (குடல் சுவரில் வளரும் சதைக் கட்டி) ஒன்று. சுருக்குக் கம்பியால் அப்போதே எடுத்துவிட்டார். ரிப்போர்ட்டில் அடினோமா என்று வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவைத்தால் பல வருடங்களில் ஆகக்கூடிய வகை.

ரிப்போர்ட் வாங்கப் போன அன்று சும்மா கேட்டேன்: "ஆரம்பத்துல நீங்க தடவினது மரத்துப்போக வைக்கிற லிக்னோகெய்ன் ஜெல்தானே? அது சோடியம் கால்வாயைத்தானே அடைக்குது?" நிமிர்ந்து பார்த்தார். "டீச்சரா நீங்க?" அப்புறம் கால் மணி நேரம் பாடம், இந்தத் தடவை எனக்கு.

சோடியம் கால்வாய் என்பது செல்லின் சவ்வில் சோடியம் நுழையும் வாசல்; அது நரம்புக்கும் தசைக்கும் உரியது என்றுதான் நான் நடத்தினேன். இதயத் துடிப்புக்கான நேவ் 1.5 என்ற அதே கால்வாயைப் பெருங்குடல் புற்றுச் செல்களிலும் கண்டிருக்கிறார்களாம். அந்தச் செல்கள் பக்கத்துத் திசுவைத் துளைத்துப் போவதற்கான மரபணுக் கூட்டத்தை அது இயக்குகிறது என்று 2010-ல் ஓர் ஆய்வு. துளைத்துப் போவதுதான் பரவலின் முதல் படி. ரத்தத்தில் கலந்துவிட்டால், குடலின் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரல். லிக்னோகெய்னின் உறவுக்காரரான ரோபிவகெய்ன் அந்தக் கால்வாயை அடைத்து ஊடுருவலைக் குறைத்ததாக 2014-ல் இன்னொன்று. "எல்லாம் ஆய்வகத் தட்டுல வளர்த்த செல்லுலதான். ஜெல் வாங்கித் தடவிக்காதீங்க" என்று சிரித்தார்.

டாக்டருக்கு ஐந்துக்கு ஐந்து. பவுடருக்கு மூன்று. சென்டருக்கு இரண்டு. ஐந்து வருடம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்; அதற்குள் இன்னொரு கழிப்பறை கட்டிவிடுங்கள், ஐயா.