துப்பாக்கியைத் துரு எடுக்கக் கொடுக்கும் முன் குழல் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்

பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர் பக்கம் தோட்டக் காவலுக்கு லைசென்ஸோடு ஒற்றைக்குழல் மருந்துத் துப்பாக்கி (குழல் வாய் வழியாகக் கரிமருந்து இடித்துச் சுடுவது) வைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலைக்குக் கீழே ஒரு துப்பாக்கிக் கடை. ரிப்பேர் செய்ய முறையான லைசென்ஸ் உள்ளவர்தான், பெயர் வேண்டாம். துரு எடுத்துத் தருகிறேன் என்று வாங்கினார். வெளியே பளபளப்பும் உள்ளே துருவுமாகத் திருப்பிக் கொடுத்தார். 3,500 ரூபாய் போனதைக்கூட விட்டுவிடலாம். குழலில் வெட்டியிருந்த எண்ணில் பாதியைக் காணோம்.

2024 தேர்தலுக்கு ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கியதிலிருந்தே குழல் வாயில் செம்புள்ளிகள் தெரிந்தன. கழுவுவது வீட்டிலேயே செய்கிற வேலைதான். ஆனால் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை மாட்டுகிற நிப்பிள் (குழலின் அடியில் இருக்கும் துளையுள்ள சின்னக் குமிழ்) இறுகிப்போய் அசையவே இல்லை. அதனால்தான் கடைக்குப் போனேன். நிப்பிளைக் கழற்றுங்கள், குழலுக்குள் வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் போட்டுக் கொடுங்கள் என்று சொன்னேன். கடைக்காரர் சிரித்தார்.

"தண்ணி பட்டா துருப் பிடிக்கும்ணே, யார் சொன்னது உங்களுக்கு? டீசல் ஊத்திக் கம்பி பிரஷ் போட்டா கண்ணாடியாட்டம் ஆயிரும்."

"உள்ள இருக்கிறது உப்புங்க, டீசல்ல கரையாது."

"துப்பாக்கிக்குள்ள உப்பு எங்கண்ணே வரும்?"

வரும். கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையோடு வெளியே போகும், மீதி குழலில் படியும். அதில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள்: கார்பனேட், சல்பேட், சல்பைடு. ஐப்பசி மழையில் சமையலறை உப்பு ஜாடி கசிகிற மாதிரி இதுவும் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் பக்கம் மத்தியானமே மூடுபனி வீட்டுக்குள் வந்துவிடுகிறது, ஈரத்துக்கா பஞ்சம்? இந்த உப்பைக் கரைக்கத் தண்ணீரால்தான் முடியும். டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் கரியைக் குழப்பித் தார் மாதிரி ஆக்கும், உப்பு அப்படியே இருக்கும். அதன் மேல் எண்ணெயைத் தடவினால் துரு எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்து நிம்மதியாக அரிக்கும். தொழிலே இதுவாக இருப்பவருக்கு இது தெரியாதா என்பதுதான் என் ஆத்திரம்.

திரும்ப வாங்கும்போது பார்க்கிறேன், பழைய குழலின் பழுப்பு நிறமே இல்லை. அந்தப் பழுப்பு அழுக்கு அல்ல. குழல் செய்தவர்கள் வேண்டுமென்றே ஏற்றிய பூச்சு அது, இரும்புக்கு அதுவே காவல். அதை எமரி வீல் வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு, கேட்டுக்குப் பூசுகிற கருப்புப் பெயின்ட் அடித்திருந்தார். நகத்தால் சுரண்டினால் பெயின்டுக்கு அடியில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் வெறும் நிழலாகத் தெரிந்தது. நிப்பிளில் பிளையர் கடித்த தடம், அது கழலவும் இல்லை.

எண் அழிவது சின்ன விஷயம் இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 8ஆவது பிரிவுப்படி துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பது குற்றம். அதோடு, அழிந்த எண்ணுள்ள துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 வருஷம் ஓடுகிறது, சரிதான். ஆனால் புதுப்பிக்கப் போகிற அன்று எண்ணைப் பார்ப்பார்களே!

கேட்டால், "அது முன்னாடியே தேஞ்சுதான் இருந்துச்சு" என்கிறார். அவர் கொடுத்த ரசீதில் முழு எண்ணும் இருக்கிறது. குழலைப் பார்த்துப் பார்த்து அவர் கையாலேயே எழுதியது. அந்த ரசீதின் நகலோடு ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். (மனுவைப் பெற்றதற்குப் போலீஸ் தரும் ரசீது) வாங்கிவிட்டேன், லைசென்ஸ் பிரிவுக்கும் எழுதியிருக்கிறேன். ரசீது மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு நான்தான் குற்றவாளி. வெள்ளைத் தாளில் தொகை மட்டும் எழுதிக் கொடுக்கிற கடையில் துப்பாக்கியை வைத்துவிட்டு வராதீர்கள். லைசென்ஸ் இல்லாத பட்டறைக்காரரிடம் ரிப்பேருக்குக் கொடுப்பதும் தனி வம்பு.

உள்ளே என்ன கதி என்று வீட்டில் பார்த்தேன். முதலில் மருந்து இடிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு, வாயருகே விரலால் பிடித்து, வெளியே அதே அளவுக்கு வைத்துப் பார்த்தேன். கம்பி நுனி நிப்பிள் வரை வந்தது, உள்ளே மருந்து கிடக்கவில்லை. (இதைச் செய்யாமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது.) சோப்புக் கலந்த வெந்நீர் ஊற்றிக் கவிழ்த்தால் மை மாதிரி கருப்புத் தண்ணீர், கூடவே அழுகின முட்டை நாற்றம். அது சல்பைடின் நாற்றம். அவர் தண்ணீரே விடவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, கடைசியாக நல்ல சூடான தண்ணீர் ஊற்றினேன். குழல் சூட்டிலேயே ஈரம் காயும். காய்ந்த கையோடு தையல் மெஷின் எண்ணெய் ஓட்டினேன். மறுநாள் துணி விட்டால் லேசாகச் செம்மண் நிறம் வந்தது; திரும்பவும் எண்ணெய். ரெக்சின் உறையில் போடவில்லை, அது ஈரத்தைப் பூட்டி வைக்கும். எண்ணெய் வழிந்து நிப்பிளுக்குள்ளும் கட்டைக்குள்ளும் இறங்காமல் இருக்க வாய் கீழே பார்க்கச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

கம்பி பிரஷ் கிழித்த கோடுகள் டார்ச் வெளிச்சத்தில் குழல் நெடுக்கத் தெரிகின்றன. நிப்பிள் துளை அடைத்தே கிடக்கிறது. அதைக் கழற்றத் தெரிந்த, எமரி வீலைத் தொடாத, லைசென்ஸ் உள்ள ஆள் திண்டுக்கல், மதுரைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். அதுவரை அதில் மருந்து போடுவதாக இல்லை. பன்றியை விரட்டத் தகர டப்பா தட்டுவதுதான்.