கரிசல் காட்டுக்கு எந்த சைக்கிள் தாங்கும்?

கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமங்களில் படுக்கையோடு கிடக்கும் பெரியவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கிற தன்னார்வலர்கள் நாங்கள். பஸ் மெயின்ரோட்டோடு சரி. அதற்கு மேல் கண்மாய்க்கரையும் வண்டிப்பாதையும்தான். சில வருஷமாக எங்களிடம் இரண்டு வகை வண்டி ஓடுகிறது. நன்கொடையாக வந்த கியர் சைக்கிள் ஒன்று, நாங்களே வாங்கிய 22 இன்ச் பிரேம் உள்ள, கியர் இல்லாத கறுப்பு சாதா சைக்கிள் மற்றது. என் ஓட்டு சாதாவுக்கே.

ஆடிக்காற்றை எதிர்த்து மிதிக்கையில் கியர் சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் மழைக்காலத்திலேயே பின்சக்கரத்தை ஒட்டித் தொங்கும் கியர் மாற்றியில் சேறும் புல்லும் சிக்கி அது வளைந்துவிட்டது. மாற்றுச் சாமானுக்கு மதுரை போக வேண்டியிருந்தது. சாதா வண்டிக்கோ டீக்கடைக்குப் பக்கத்து சைக்கிள் கடையிலேயே பால்ரஸ், கோன், காட்டர் பின் என்று சின்னச் சாமான் எல்லாம் கிடைக்கும்.

கொட்டுகிற மழையைவிட, மழை விட்டு மண் காயத் தொடங்கும் நேரம்தான் மோசம். கரிசல் டயரில் ஒட்டி ஏறி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். நாங்கள் மட்கார்டை ஒரு விரல் அகலம் தூக்கி மாட்டியிருக்கிறோம். நோண்டி எடுக்கக் கேரியரில் எப்போதும் ஒரு குச்சி. சீமைக்கருவேல முள்ளுக்கு, பழைய டியூபை நெடுக வெட்டி டயருக்குள் விரித்துவிடுவோம். பஞ்சர் ஒழியவில்லை, குறைந்திருக்கிறது.

காசு மிச்சமிருந்தால் சக்கரத்தில் போடுங்கள். சாதா வண்டியில் முன்னால் 32, பின்னால் 40 ஸ்போக்ஸ் கம்பி. பாரம் முழுக்கப் பின்னால்தான். புது வண்டி கொஞ்ச நாள் ஓடியதும் கோட்டம் எடுத்து, அதாவது சக்கரத்தின் கோணலை நேராக்கி, கம்பிகளை முறுக்கிவிட்டால் ரிம் பல வருஷம் நிற்கும். அழகுக்கு மாட்டுகிற எதுவும் வேண்டாம்.

குறை இல்லாமலா? கைப்பிடியிலிருந்து இரும்புக் கம்பியால் இழுபடும் சாதா வண்டியின் பிரேக், ஈர ரிம்மில் பேருக்குத்தான் பிடிக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் சைக்கிள் கொடுத்துத் தொடங்கிய வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற தொண்டு நிறுவனம், அடுத்து சாம்பியாவில் எய்ட்ஸ் நோயாளிகளை வீட்டில் கவனித்த தன்னார்வலர்களுக்கும் கொடுத்தது. அவர்களுடைய பஃபலோ வண்டியில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக். மழையோ சேறோ கவலையில்லை. கேரியர் 100 கிலோ தாங்கும். ஊர்க்காரர்களுக்கே ரிப்பேர் வேலையும் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த பிரேக் இங்கேயும் மலிவாகக் கிடைத்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

சேலை கட்டி வருகிறவர்களுக்கு பார் இல்லாத லேடீஸ் வண்டிதான் சரி. கேரியரில் பாரம் கூடினால் மட்டும் ஆட்டம் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா நின்றால் அதையே எடுங்கள், சாமானுக்குத் தட்டுப்பாடில்லை.

பழைய அட்லஸ் நல்ல நிலையில் சிக்கினால் விடாதீர்கள். அந்தக் கம்பெனியின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று, அதுவும் உலக சைக்கிள் தினத்தில், உற்பத்தியை நிறுத்தியது. பழசு வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காமல் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கின் கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.