‘ஸ்மோக் ஃப்ரீ ரூம்’ என்று சொல்லி 68,000 ரூபாய் வாங்கிய டிராவல்ஸ்: கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் கவனம்

கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் இருந்து நடக்கிற தூரத்தில், மாடியில் ஒரு டிராவல்ஸ். பெயர் எழுதவில்லை. எழுதினால் கேஸ் போடுவோம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். விமான டிக்கெட், விசா, டூர் பேக்கேஜ் போடுகிற கடை. இப்போது சிங்கப்பூர் கப்பல் பயணம் என்று புது ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து இன்னொரு குடும்பம் படியேறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். இவர்கள் போட்ட கப்பல் டூரில் எங்களிடமிருந்து போனது 68,000 ரூபாய்.

விமானத்தில் ஏற்றினார்கள், கப்பலில் ஏற்றினார்கள், சாப்பாடும் கிடைத்தது. அதில் பொய் சொல்ல மாட்டேன். இந்த 68,000 பேக்கேஜுக்கு மேலே வாங்கியது. ‘புகை வாடையே அண்டாத ரூம்’ என்று ரூமுக்கு 34,000, இரண்டு ரூமுக்கு.

மாமனாருக்கு வீசிங், பக்கத்தில் யாராவது சிகரெட் பற்ற வைத்தாலே இன்ஹேலர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். கடைக்காரர் மேசை டிராயரில் இருந்து கப்பலின் டெக் பிளானை, அதாவது எந்தத் தளத்தில் எந்த ரூம் என்று காட்டும் வரைபடத்தை, எடுத்து விரித்தார். கலர் பிரிண்ட், லேமினேஷன் வேறு. பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கப்பலின் நடுவில் இரண்டு கட்டங்களைச் சுற்றி வட்டம் போட்டார். "அக்கா, இந்த ரெண்டு ரூமும் நான்-ஸ்மோக்கிங் சைடு. அப்பாவுக்கு சுத்தமான கடல் காத்து. எங்க அம்மாவும் வீசிங்காரங்கதான், எனக்குத் தெரியாதா?" அந்தப் பச்சை வட்டத்தை நம்பித்தான் 68,000 கை மாறியது. ரசீதில் ‘பால்கனி ரூம் 2’ என்று மட்டும் எழுதினார். நான்-ஸ்மோக்கிங் என்றும் எழுதுங்கள் என்றதற்கு, "அது சிஸ்டத்துலயே ஏறிடும்க்கா."

சிஸ்டத்தில் அப்படி ஒன்று ஏறவே ஏறாது. பெரிய கப்பல் கம்பெனிகள் பெரும்பாலானவற்றில் எல்லா ரூமும் நான்-ஸ்மோக்கிங்தான். ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டும் 2014இல் பால்கனியிலும் புகைக்கத் தடை போட்டுவிட்டன. மீறினால் பயணியின் கணக்கில் அபராதம் ஏறும். பால்கனி சிகரெட் சும்மா விஷயமும் இல்லை. 2006 மார்ச்சில் ஜமைக்கா அருகே ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் பிடித்த தீ, பிளாஸ்டிக் தடுப்புகள் வழியாகத் தளம் தளமாக ஏறியது, ஒருவர் இறந்தார். அணைக்காத சிகரெட்தான் காரணமாக இருக்கும் என்றது விசாரணை. பால்கனி நாற்காலியும் தடுப்பும் எளிதில் எரியாததாக இருக்க வேண்டும் என்று சர்வதேச விதியே அதற்குப் பிறகுதான் மாறியது. சில கம்பெனிகள் இன்னும் பால்கனியில் புகைக்க விடுகின்றன, அது வேறு கதை. எப்படியானாலும் ‘நான்-ஸ்மோக்கிங் ரூம்’ என்று தனி விலை கிடையாது. லாட்ஜில் கதவு வைத்த ரூமுக்குத் தனிக் காசு கேட்பது போலத்தான் இது.

காசு கொடுத்துத் தேர்வு செய்ய வேண்டியது ரூம் இருக்கும் இடத்தை. புகைக்க அனுமதித்த திறந்தவெளிப் பகுதி பெரும்பாலும் மேல்தளங்களில் ஒரே பக்கமாக இருக்கும். கப்பலின் முன்புறம் பார்த்து நின்றால் இடது கை போர்ட், வலது கை ஸ்டார்போர்ட். எந்தப் பக்கம் என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். கப்பல் ஓடும்போது காற்று முன்னிருந்து பின்னால் போகும். பின்பக்கம் போனதும் சுழன்று கீழே இறங்கும். ஆகவே மேலே புகைக்கிற இடம் இருந்தால், அதற்குப் பின்னாலும் கீழேயும் இருக்கும் பால்கனிகளில்தான் வாடை வந்து தங்கும். புகைபோக்கியின் கரித்தூளும் பின்பக்கத்தில்தான் அதிகம் விழும்.

அடுத்தது காசினோ. பல கப்பல்களில் உள்ளே புகைக்கலாம், சிலவற்றில் ஒரு பகுதியில் மட்டும். பெரும்பாலும் காசினோவுக்குக் கதவே இருக்காது. நடைபாதையோடு சேர்ந்து திறந்து கிடக்கும். பக்கத்தில் படிக்கட்டு இருந்தால் வாடை அதன் வழியே மேல்தளத்துக்கு ஏறிவிடும். எத்தனை எக்ஸாஸ்ட் போட்டாலும் சிகரெட் புகையின் தீங்கைக் காற்றோட்டத்தால் முழுதாகப் போக்க முடியாது என்று அமெரிக்காவின் ஏசி பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயே சொல்லிவிட்டது. முழுக் கப்பலிலும் புகைக்கக் கூடாது என்று கார்னிவல் 1998இல் பாரடைஸ் கப்பலை விட்டுப் பார்த்தது. 2004இல் கைவிட்டார்கள்.

இனி எங்கள் ரூமுக்கு வருகிறேன். வவுச்சரில் ரூம் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜிடிஒய்’ (GTY) என்று மூன்றெழுத்து. கேட்டதற்கு, "கேரண்டின்னு அர்த்தம்க்கா, உங்க ரூம் கேரண்டி." அர்த்தமே தலைகீழ். கேரண்டி ரூம் என்றால் ரூம் வகை மட்டும்தான் உறுதி. எந்தத் தளம், எந்தப் பக்கம், எந்த நம்பர் என்பதைக் கம்பெனி கடைசியில் மிச்சம் இருப்பதைப் பார்த்துக் கொடுக்கும். இடத்தைத் தேர்வு செய்யும் உரிமையை விட்டுக்கொடுப்பதால் அதற்கு விலையும் பொதுவாகக் குறைவு. அதாவது இருப்பதிலேயே மலிவான பால்கனியைப் போட்டுவிட்டு, தேர்ந்தெடுத்துக் கொடுத்ததாக மேலே 68,000.

கிடைத்தது பின்கோடி, மேலே புகைக்கும் தளம். பால்கனித் தடுப்புக்குக் கீழே நாலு விரல் இடைவெளி, பக்கத்து ரூம்காரர் தடையை மீறி ஊதியது அது வழியாக அப்படியே உள்ளே. கதவை மூடினால் மூச்சு முட்டுகிறது, திறந்தால் ஏசி தானாக நிற்கிறது. பல கப்பல்களில் கதவில் சுவிட்ச் அப்படித்தான். கப்பல் கவுண்டரில் மரியாதையாகவே பேசினார்கள். வேறு ரூம் காலி இல்லை. பக்கத்து ரூமுக்கு எச்சரிக்கை கொடுத்து, எங்கள் ரூமுக்கு ஒரு காற்று சுத்திகரிப்பான் அனுப்பினார்கள். புக்கிங்கைத் திறந்து காட்டினார்கள்: அப்கிரேடு என்று ஒரு டாலர்கூடக் கம்பெனிக்குப் போகவில்லை.

ஊருக்கு வந்து போன் செய்தால் ‘அக்கா’ போய் ‘மேடம்’ ஆகிவிட்டது. "கப்பல்காரன் கொடுத்த ரூம் மேடம், நாங்க என்ன பண்றது." பச்சை வட்டம் போட்ட பிரிண்ட்? "அது மாடல் மேடம்." 68,000 எதற்கு வாங்கினீர்கள்? "சர்வீஸ் சார்ஜ்." பிறகு அக்கவுண்டன்ட் லீவு. பிறகு ஓனர் பெங்களூர் போயிருக்கிறார். பிறகு ஹெட் ஆபீஸுக்கு மெயில் போட்டாயிற்று. ஒற்றை மாடி ரூமில் நடக்கும் கடைக்கு எங்கே ஹெட் ஆபீஸ்! கடைசியாக, "சிகரெட் வாசம் எல்லாம் ஒரு பிரச்சனையா மேடம், பஸ்ஸுல வரலையா?" இன்ஹேலர் வைத்திருக்கும் மனிதரைப் பற்றி இப்படி. நேற்று வாட்ஸ்அப்பில் பிளாக்கும் செய்தாயிற்று.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்:

பணம் கட்டும் முன்பே ரூம் நம்பர் கேளுங்கள். ‘ஜிடிஒய்’ என்று இருந்தால் இடத்துக்கு உத்தரவாதம் இல்லை. கப்பல் கம்பெனியின் வலைத்தளத்தில் அதே கப்பலின் டெக் பிளானைத் திறந்து, உங்கள் ரூமுக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது, காசினோ எங்கே, புகைக்கும் இடம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கடைக்காரர் நீட்டும் பிரிண்ட் வேண்டாம். வாயால் சொன்னதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். கப்பலில் வாடை வந்தால் கவுண்டரில் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். டிசிஎஸ் (டூர் விலையோடு சேர்த்துப் பிடிக்கும் வருமான வரி) என்று பிடித்திருந்தால், கடைக்காரரின் காலாண்டுக் கணக்கு தாக்கலான பிறகு வருமான வரி வலைத்தளத்தில் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். புகைப்பவர்களுக்கும் ஒன்று: வேப், மெல்லும் புகையிலை எதையும் சிங்கப்பூருக்குக் கொண்டு போகாதீர்கள், இரண்டும் அங்கே தடை. சிகரெட்டுக்கு முதல் குச்சியில் இருந்தே தீர்வை.

நுகர்வோர் உதவி எண் 1915. புகார் பதிவு செய்தாயிற்று. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அதே மாடியில் பச்சை வட்டம் போட்ட பிரிண்ட் வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ரசீதோடு சேர்த்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.