ஷிஃப்டும் லீவும் ஆங்கிலத்தில்: ஓர் இணையவழி வகுப்பு பற்றி

லண்டன் குழுவோடு நாள்தோறும் தொலைபேசியில் பேச வேண்டிய வேலை என்பதால், பணி நேரத்தையும் விடுப்பையும் இயல்பான ஆங்கிலத்தில் சொல்லக் கற்றுத்தரும் ஆறு வார இணையவழி வகுப்பில் சேர்ந்து, சென்ற மாதம் முடித்தேன்.

முதல் இரண்டு வாரங்கள் மிக நன்றாக இருந்தன. வார ஓய்வு, அரசு விடுமுறை, நாமாகக் கேட்டு எடுக்கும் விடுப்பு ஆகிய மூன்றையும் நாம் ‘லீவ்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அவை முறையே ‘டே ஆஃப்’, ‘பப்ளிக் ஹாலிடே’, ‘லீவ்’ என்று பிரிவதை ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். ‘ஐ ஹேவ் நைட் டூட்டி’ என்று சொல்லிப் பழகிய என் நாக்கு, இப்போது ‘ஐ ஆம் ஆன் நைட்ஸ் திஸ் வீக்’ என்று தானாகவே சொல்கிறது.

குறை அதற்குப் பிறகுதான். ‘பை ஃப்ரைடே’, ‘அன்டில் ஃப்ரைடே’ வேறுபாட்டை விதிகளாக அடுக்கி ஒரு முழு வகுப்பைக் கடத்தினார்கள். முன்னது ‘வெள்ளிக்கிழமைக்குள்’, பின்னது ‘வெள்ளிக்கிழமை வரை’ என்று சொல்லியிருந்தால் ஐந்தே நிமிடத்தில் புரிந்திருக்கும். ‘மூன்று மாதமாக’ என்பதற்கு ‘ஃபார்’, ‘மார்ச்சிலிருந்து’ என்பதற்கு ‘சின்ஸ்’ என்பதும் அப்படித்தான். உண்மையில் நாம் தடுக்கி விழுவது வினைச்சொல்லில். தமிழில் ‘மூன்று மாதமாக வேலை பார்க்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்வதால், ‘ஹேவ் பீன் வர்க்கிங்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஆம் வர்க்கிங்’ என்று சொல்லிவிடுகிறோம். வகுப்பு இதைத் தொடவே இல்லை.

குறித்த நேரத்துக்கு முன்னதாக மாற்றி வைப்பதைச் சொல்லும் ‘ப்ரீபோன்’ தவறு என்று ஒரே வரியில் ஒதுக்கியதையும் நான் ஏற்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இடம்பெற்ற சொல் அது. நம் அலுவலகங்களுக்குள் அதனால் ஒரு குழப்பமும் இல்லை. லண்டன்காரரிடம் பேசும்போது மட்டும் ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்று மாற்றிக்கொண்டால் போதும்.

கேட்கும் பயிற்சி அறவே இல்லாததுதான் பெரிய குறை. வகுப்பு முடிந்த வாரத்திலேயே ஒருவர் ‘ஹாஃப் சிக்ஸ்’ என்றார். ஆறுக்கு அரை மணி முன்பு என்று நினைத்து ஐந்தரைக்கே இணைந்து, ஒரு மணி நேரம் தனியாகக் காத்திருந்தேன். அது நம் ஆறரை என்று பிறகுதான் தெரிந்தது.

புதிதாக வேலைக்குச் செல்பவர்கள் தயங்காமல் சேரலாம். ஏற்கெனவே வெளிநாட்டுக் குழுக்களோடு பேசுகிறவர்கள், கேட்கும் பயிற்சியைச் சேர்த்துவிட்டார்களா என்று விசாரித்த பின் பணம் கட்டுவது நல்லது.