பழைய சிடி பிளேயர்: ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்குறதா, எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல ஏத்திடறதா?

எங்க வீட்டு சிடி பிளேயர் 1993ல அப்பா வாங்குனது. ஜப்பான்ல செஞ்சது, 14 கிலோ, ரெண்டு பக்கமும் மரப்பலகை வச்சிருக்கும், அப்போ அவரோட ரெண்டு மாச சம்பளத்துக்கு மேல. போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி ஒரு நாள் சிடிய போட்டா சுத்துது, சுத்துது, அப்புறம் 'நோ டிஸ்க்'னு காட்டுது. அதுலேர்ந்து ஒரு ஆறு மாசம் கோலாலம்பூர்ல நான் ஏறாத கடை இல்ல, கேக்காத ஆள் இல்ல, அதுல தெரிஞ்சிக்கிட்டத எழுதிடறேன், இதே நெலமையில இருக்கறவங்களுக்கு உதவும்.

என் முடிவ முதல்லயே சொல்லிடறேன். பிராண்டப் பாத்தோ வெலையப் பாத்தோ தீர்மானம் பண்ணாதீங்க. அந்த பிளேயருக்கு, சிடியப் படிக்கிற லேசர் பார்ட் இன்னும் கெடைக்குதா, இல்லையா? இத மட்டும் மொதல்ல கண்டுபுடிங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

ஏன்னா நான் மொதல்ல போன கடையில மூடியக் கூட தெறக்காம "போர்டு போச்சு, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க"ன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் செந்தூல்ல நாப்பது வருஷமா டிவி, ரேடியோ ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனேன். அவரு என் எதிர்லயே மூடியக் கழட்டி, "தம்பி, எந்தப் பாட்டுல தாவுதுன்னு மொதல்ல சொல்லு"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்வியிலயே பாதி விஷயம் இருக்கு. சிடி உள்பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா படிக்கும், ஆரம்பத்துல நிமிஷத்துக்கு 500 சுத்து, கடைசியில 200 சுத்துக்கு வந்துடும். முதல் பாட்டுல நல்லா ஓடி கடைசிப் பாட்டுல மட்டும் தாவுனா பெரும்பாலும் லேசர் நகர்ற தண்டவாளத்துல கிரீஸ் காஞ்சு கட்டியாயிருக்கும், அதத் தொடச்சி புதுசு தடவுனாலே சரியாயிடும். ஒரிஜினல் சிடி ஓடுது, வீட்ல காப்பி பண்ணுன சிடி மட்டும் ஓடலன்னா லேசர் பலம் கொறைய ஆரம்பிச்சிடுச்சுன்னு சந்தேகப்படலாம். தட்டு வெளிய வராம முனகுனா அது பெல்ட், சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கெடைக்கிற ரப்பர் சாமான், அதுக்காக எத்தனை பிளேயர் குப்பைக்குப் போயிருக்கும்னு நெனச்சா வயிறு எரியுது.

எங்களோடது லேசர்தான். அண்ணன் ஆசிலோஸ்கோப்ப, அதாவது சிக்னல திரையில படமா காட்டுற கருவிய, மாட்டிக் காட்டுனாரு. லேசர் படிக்கிற சிக்னல் அந்தத் திரையில சின்னச் சின்ன டைமண்ட் கட்டமா, உள்ள கண்ணாடி மாதிரி தெளிவாத் தெரியணுமாம். எங்க பிளேயர்ல டைமண்டே தெரியல, பனிமூட்டம் மாதிரி ஒரு பட்டை, உயரமும் சர்வீஸ் மேனுவல்ல போட்டிருக்கிறதுல பாதி கூட இல்ல. லேசர் பக்கத்துல ஒரு குட்டி திருகு இருக்கும், அதத் திருப்புனா கரண்ட் கூடி கொஞ்ச நாள் பாடும், நெறைய பேரு அதத்தான் செஞ்சிட்டு ரிப்பேர்னு காசு வாங்கறாங்க, ஆனா சாகப் போற லேசர இன்னும் சீக்கிரம் சாகடிக்கிற வேலை அது. அண்ணன் அதத் தொடவே மாட்டேன்னுட்டாரு.

சரி, இப்ப ஒவ்வொரு வழியா பாப்போம்.

லேசர் மாத்துறதுலயே ரெண்டு வகை இருக்கு, அங்கதான் நான் ஏமாந்தேன். சோனியோட கேஎஸ்எஸ்-213 மாதிரி பரவலா போட்ட லேசருக்கு இன்னைக்கும் காப்பி தாராளமா கெடைக்குது, ஆன்லைன்ல எல்லாருமே 'ஒரிஜினல்'னுதான் போட்டிருப்பாங்க. நான் 45 வெள்ளிக்கு ஒண்ணு வாங்குனேன், மாட்டுனதும் பாடுச்சு, சந்தோஷம் மூணு வாரம்தான். அப்புறம் ஜப்பான்லேர்ந்து பிரிக்காத பழைய ஸ்டாக் ஒண்ணு 260 வெள்ளிக்கு வரவழைச்சேன். அத மாட்டி ஸ்கோப்ல பாத்தப்ப அந்த டைமண்ட் கட்டம் ஒவ்வொண்ணும் தனித்தனியா நின்னுச்சு, அண்ணன் ஒண்ணும் பேசல, ஸ்க்ரூ டிரைவரக் கீழ வச்சிட்டு டீ சொல்லி விட்டாரு.

சொந்தமா மாத்துறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். புது லேசர்ல ஸ்டாட்டிக் கரண்ட் அடிக்காம இருக்க ஒரு பொட்டு ஈயம் வச்சு ஷார்ட் பண்ணி அனுப்புவாங்க. ரிப்பன் கேபிள சொருகுன பிறகுதான் அத எடுக்கணும், முன்னாடி எடுத்தா லேசர் போயிடலாம், எடுக்க மறந்தா படிக்கவே படிக்காது. புது லேசர் கெட்டுப் போச்சுன்னு திருப்பி அனுப்புற ஆளுங்கள்ல பாதி பேரு அந்தப் பொட்ட எடுக்காதவங்களாத்தான் இருப்பாங்கன்னு அண்ணன் சொன்னாரு. அப்புறம் அந்த ஒளி 780 நானோமீட்டர், கண்ணுக்கு சரியாத் தெரியாது, தெரியலயேன்னு குனிஞ்சு லென்ஸுக்குள்ள பாக்காதீங்க.

பவர் சப்ளையில இருந்த கப்பாசிட்டரையும் (கரண்ட சேத்து வைக்கிற பார்ட்) ஜாலான் பாசார்ல வாங்கி சேத்தே மாத்தியாச்சு, 105 டிகிரி சூடு தாங்குற வகை. முப்பது வருஷம் நம்ம ஊரு சூட்டுல இருந்தது, எப்படியும் காஞ்சிருக்கும். கூலி 250, கப்பாசிட்டர் 80, ரெண்டு லேசரும் சேத்து மொத்தம் 635 வெள்ளி. காப்பி லேசர் வாங்காம இருந்திருந்தா 590ல முடிஞ்சிருக்கும்.

ஆனா பிலிப்ஸோட சிடிஎம்-1 மாதிரி, லேசர் ஊஞ்சல் மாதிரி ஆடற கையில இருக்கற பழைய மெக்கானிசம்னா கதையே வேற. புதுசு செய்யறதில்ல, இன்னொரு பழைய பிளேயர அறுத்துத்தான் எடுக்கணும். லென்ஸ் கண்ணாடி, உடம்பு உலோகம், உழைப்புன்னா அப்படி உழைக்கும், அதனால அந்த வகை வச்சிருக்கறவங்க லேசர் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி போர்டுல ஈயம் வச்சு ஒட்டுன எடம் விரிசல் விட்டிருக்கான்னு ரெண்டு தடவை பாக்கச் சொல்லுங்க.

அடுத்த வழி, ஜப்பான்ல ஓடுன செகண்ட் ஹேண்ட் வாங்குறது. பார்க்க ஆசையாத்தான் இருக்கும், கீறல் இல்லாம தங்கம் மாதிரி இருக்கும், வெலையும் கொறைவு. ஆனா அங்க கரண்ட் 100 வோல்ட், இங்க 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம நேரா சொருகுனா அன்னைக்கே காரியம் முடிஞ்சிடும். அதவிட முக்கியம், அதுவும் உங்களோடது மாதிரியே முப்பது வயசு லேசர்தான், நீங்க வாங்குறது இன்னொருத்தரோட ரிப்பேர். கையில ஏற்கனவே நல்ல பிளேயர் இருக்கறவங்களுக்கு நான் இத சொல்ல மாட்டேன், ஸ்பேர் பார்ட்ஸுக்காக வாங்குனா மட்டும் சரி.

புதுசு வாங்குறதுன்னா மராண்ட்ஸ் சிடி6007, யமஹா சிடி-எஸ்303, ரொட்டல் சிடி11 இந்த வரிசை. ரெண்ட வீட்டுக்குக் கொண்டு வந்து கேட்டுப் பாத்தேன். சத்தத்துல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல, தெளிவாவே இருந்துச்சு, வாரன்டி இருக்கு, ரிமோட் வேலை செய்யுது. அம்மா மாதிரி வயசானவங்க தினமும் சாமி பாட்டு போடற வீட்டுக்கு இதுதான் நிம்மதி. ஆனா தட்டு வெளிய வர்ற விதத்துலயே வித்தியாசம் தெரியும். பழசுல அது எண்ணெய்ல மெதக்குற மாதிரி வரும், புதுசுல பிளாஸ்டிக் சத்தம். அந்த எடைய இன்னைக்கு வாங்கணும்னா பல மடங்கு குடுக்கணும். லேசர் கெடைக்காத பிளேயர் வச்சிருக்கறவங்களுக்கு இந்த வழிதான்.

சில பேரு பழைய டிவிடி பிளேயர்லேர்ந்து டிஜிட்டல் கேபிள் இழுத்து வெளிய ஒரு டிஏசி, அதாவது டிஜிட்டல் சிக்னல ஆம்ப்ளிஃபயருக்குப் போற அனலாக் சிக்னலா மாத்துற பொட்டி, மாட்டுறாங்க. செலவு கம்மி, வேலையும் செய்யும், ஒரு வாரம் நானும் வச்சிருந்தேன். பழைய பிளேயருக்குள்ள இருக்கற டிஏசி நல்லாத்தானே இருக்கு, அத யூஸ் பண்ணலாமேன்னு கேப்பாங்க. அதுக்கு டிஜிட்டல் இன்புட் வேணும், பெரும்பாலான பழைய பிளேயர்ல அவுட்புட் மட்டும்தான் இருக்கும், பின்னாடி பாத்துக்குங்க.

கடைசியா ஹார்ட் டிஸ்க். ரிப்பேர் பண்ணாலும் பண்ணாட்டியும் இத செய்ங்க. எங்ககிட்ட ஓரியண்டல், ஏவிஎம், பிரமிட் கம்பெனி சிடின்னு ஒரு 600 இருக்கு, அதுல பாதி இன்னைக்கு எங்கயும் வாங்க முடியாது. இணையத்துல வர்ற பாட்டும் அந்தச் சிடியில இருக்கற பாட்டும் காதுக்கு ஒண்ணா இல்ல, பின்னாடி வந்ததுல நெறைய சத்தத்த ஏத்தி விட்டிருக்காங்க. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி சாஃப்ட்வேர்ல பாதுகாப்பு (செக்யூர்) மோடுல போட்டா சந்தேகம் வர்ற எடத்த திரும்பத் திரும்பப் படிச்சு எடுக்கும், ஃபிளாக் ஃபைலா வச்சா ஒரு துளி தகவலும் போகாது, சிடிக்கு முன்னூறு நானூறு எம்பிதான் ஆகுது. நேரம் எங்க போகும்னா பேரு டைப் பண்றதுல. இளையராஜா பேரையே ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு ஸ்பெல்லிங்ல வச்சிருக்காங்க, நான் ஞாயித்துக்கிழமைல பத்து பத்தா உக்காந்து எல்லாத்தையும் தமிழ்லயே மாத்திட்டு வர்றேன், இன்னும் முடியல. முடிஞ்சாலும் அப்பா ஹார்ட் டிஸ்க்ல பாட்டு கேக்கப் போறதில்ல. அவருக்கு அட்டையக் கையில எடுக்கணும், யாரு பாடுனதுன்னு கண்ணாடிய மாட்டிப் படிக்கணும், அப்புறம்தான் பட்டன அமுக்குவாரு.

அதனால எங்க வீட்டுக்கு ரிப்பேரும் ஹார்ட் டிஸ்க்கும் சேந்துதான் சரி.

பராமரிப்புன்னு பெருசா இல்ல. இடி இடிச்சா பிளக்கப் புடுங்கிடுங்க, ஸ்விட்ச மட்டும் அமத்துனா போதாது. பின்னாடி ஓட்டையெல்லாம் மெல்லிசு வலை ஒட்டி வைங்க, அண்ணன்கிட்ட வர்ற பிளேயர்ல பல்லி செத்துக் கெடக்கறதும் எறும்பு கூடு கட்டியிருக்கறதும் சாதாரணம். மேல வேற எந்த சாமானும் அடுக்காதீங்க, சூடு வெளிய போகணும். லென்ஸ் தொடைக்க பிரஷ் வச்ச கிளீனிங் சிடி வேணாம், பஞ்சுக் குச்சியில ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு, அமுக்காம ஒரு சுத்து. வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட விடுங்க. எங்க வீட்ல அந்தக் கவலை இல்ல, காலையில பசியாறுற நேரம் அது பாடிக்கிட்டுதான் இருக்கு.