16×2 எல்சிடி திரை: எட்டு இடங்களுக்குள் தமிழ்

தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைக் காட்டும் கருவி ஒன்றுக்காக, எச்டி44780 வகைக் கட்டுப்பாட்டுச் சில்லில் இயங்கும் 16×2 எல்சிடி திரையை (வரிக்கு 16 எழுத்துக் கட்டங்கள் வீதம் இரண்டு வரிகள்), இரு தரவுக் கம்பிகளில் இணைக்க உதவும் ஐ2சி பலகை பின்புறம் பற்றவைக்கப்பட்ட நிலையில் வாங்கி, ஆர்டுயினோ ஊனோ என்னும் நிரல் ஏற்றும் பலகையுடன் இணைத்துப் பயன்படுத்தி வருகிறேன். எண்களும் ஆங்கில எழுத்துகளும் இதில் தெளிவாக வரும் என்பது பலரும் அறிந்ததே. ஆகவே நாமே வரைந்து சேர்க்கும் எழுத்துகளுக்கு இத்திரை எந்த அளவுக்கு இடங்கொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

ஒவ்வொரு கட்டமும் 5 புள்ளி அகலமும் 8 புள்ளி உயரமும் கொண்டது. நம் எழுத்துகளுக்கெனச் சில்லில் ஒதுக்கப்பட்டுள்ள நினைவகம் 64 பைட் மட்டுமே என்பதால், எழுத்துக்கு 8 பைட் வீதம் எட்டு வடிவங்களுக்கு மேல் ஏற்ற இயலாது. மின்சாரம் நின்றால் அவை அழிந்துவிடும். நிரல் தொடங்கும்போதெல்லாம் மறுபடி ஏற்றியாக வேண்டும்.

247 எழுத்துகள் கொண்ட மொழிக்கு எட்டு இடங்கள் எம்மாத்திரம் என்று தோன்றலாம். ஆனால் சொல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் வழி பிறக்கிறது. ‘மட்டம்’ என்ற சொல்லுக்கு ம, ட், ட, ம் என நான்கு வடிவங்கள் போதும். ஒரு வரிசையின் ஐந்து புள்ளிகளுக்கும் இடமிருந்து வலமாக 16, 8, 4, 2, 1 என மதிப்பு; எரிய வேண்டியவற்றின் கூட்டலே அவ்வரிசையின் மதிப்பு. மேலிருந்து கீழாக 0, 0, 16, 16, 16, 16, 31, 0 என்று எட்டு வரிசைகளுக்கும் மதிப்புக் கொடுத்தால் ‘ட’ கிடைக்கிறது. முதல் வரிசையின் 0 என்பதை 4 ஆக்கினால் நடுவில் ஒரு புள்ளி எரிந்து ‘ட்’ ஆகிவிடுகிறது. புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே ஒரு வரிசையை வெறுமையாக விடுவது அவசியம். விடாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ‘ம’ வடிவமும் ஐந்து புள்ளி அகலத்துக்குள் கச்சிதமாக அடங்குகிறது.

மீதி நான்கு இடங்களில் ஒன்று முதல் நான்கு நெடுவரிசைகள் வரை நிரம்பிய கட்டங்களை ஏற்றினேன். முழுதும் நிரம்பிய கட்டம் சில்லின் நிலையான எழுத்துப் பட்டியலிலேயே 255ஆம் எண்ணில் ஆயத்தமாக இருப்பதால் அதற்கு இடம் செலவாவதில்லை. இவ்வாறு இரண்டாம் வரியின் 16 கட்டங்களிலும் 80 படிகள் கொண்ட அளவுப் பட்டை கிடைத்தது, மேல் வரியில் தமிழ்ச் சொல்லும் நின்றது. இந்த விலைக்கு இது மிக நல்ல பயன் என்பேன்.

ஒரு குறையை அழுத்திச் சொல்ல வேண்டும். இச்சில்லில் ஜப்பானிய எழுத்துகள் கொண்ட ஏ00, ஐரோப்பிய எழுத்துகள் கொண்ட ஏ02 என இரு வகைகள் உண்டு. பின்னதில் 255ஆம் இடத்தில் நிரம்பிய கட்டம் இல்லை. நான் வாங்கிய திரையின் உறையிலோ பலகையிலோ எந்த வகை என்ற குறிப்பே இல்லை. எட்டு இடங்களையும் எண்ணி எண்ணிச் செலவிடுபவர்க்கு இது முக்கியமான தகவல். விற்பவர்கள் அச்சிட்டே தர வேண்டும்.

நிரலில் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. வடிவத்தை ஏற்றியவுடன் எழுதத் தொடங்கினால் அது திரைக்குச் செல்லாமல் வடிவ நினைவகத்துக்கே செல்லும். முதலில் கர்சரை (எழுதும் இடக்குறியை) உரிய இடத்தில் நிறுத்த வேண்டும். நம் வடிவங்களின் எண்கள் 0 முதல் 7 வரை; பூச்சிய எண் வடிவத்தைச் சரத்துக்குள் (எழுத்துத் தொடருக்குள்) வைத்தால் பூச்சியம் முடிவுக் குறியாகக் கொள்ளப்பட்டுச் சரம் அங்கேயே முடிந்துவிடும் என்பதால், அதே வடிவத்தைக் காட்டும் 8ஆம் எண்ணைப் பயன்படுத்துவது நல்லது. ஏற்றிய வடிவத்தை இடையில் மாற்றினால், திரையில் அது இருக்கும் இடமெல்லாம் உடனே மாறும். மோட்டார் ஓடுவதைக் காட்டும் அசைவுக்கு இந்த இயல்பு மிகவும் கைகொடுக்கிறது.

‘ண’, ‘ஞ’, ‘நீ’ போன்ற அகன்ற எழுத்துகளுக்கு மட்டும் இத்திரை ஏற்றதன்று. அவற்றை இரு கட்டங்களில் பிரித்து வரையலாம். ஆயினும் கட்டங்களுக்கு இடையே உள்ள நிலையான இடைவெளி எழுத்தின் நடுவே கோடாகத் தெரிகிறது, நிரலால் அதை மறைக்க வழியில்லை. முழு வாக்கியங்களைத் தமிழில் காட்ட விரும்புவோர், ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே இயக்கக்கூடிய 128×64 வரைகலைத் திரையையோ எஸ்எஸ்டி1306 சில்லுள்ள ஓஎல்இடி திரையையோ தேர்ந்தெடுப்பதே முறை. ஓரிரு சிறு சொற்களும் ஓர் அளவுப் பட்டையும் போதுமென்ற கருவிகளுக்கு இந்த 16×2 திரையைத் தயங்காமல் வாங்கலாம்.